அகிலத்திரட்டில் வெண்ணீசன்: ஒரு விளக்கம்

அய்யா உண்டு.



அகிலத்திரட்டு அம்மானைத் திருஏட்டை வாசிக்கும்போது, வாசிப்பவர் நாவும் கேட்பவர் செவியும் கொஞ்சம் தடுக்கி நிற்கும் இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'வெண்ணீசன்' என்ற சொல் வரும் இடம். கலிநீசன் என்றால் திருவிதாங்கூரை ஆண்ட அரசன் என்று ஏட்டுக்கு விளக்கம் சொல்லும் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். வெண்ணீசன் என்றால் வெள்ளைக்காரன் ஆட்சி என்பதும் அவர்கள் சொல்லும் பொருள்தான். இதுவரை பெரிய தகராறு எதுவும் இல்லை. தகராறு அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறது. வெள்ளைக்காரனோடு வந்த வேதத்தைக் கும்பிடுகிற இன்றைய மனிதர், அடுத்த தெருவில் குடியிருப்பவர், அவரும் வெண்ணீசன்தானா?

ஆம் என்று சொல்லும் பேச்சுகள் கைப்பேசியில் நிறைய வருகின்றன. திருஏட்டில் இருந்து நாலு வரியை எடுத்து, பின்னால் உடுக்கைச் சத்தம் சேர்த்து, இதோ அய்யாவே சொல்லிவிட்டார் என்று முடிக்கிறார்கள். மறுபக்கத்தில், நீசன் என்றால் மேல்சாதிக்காரர்தான், வேறு யாரும் இல்லை என்று அதே நாலு வரியை எடுத்து முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2024 மார்ச் 4ஆம் தேதி சென்னை ஆளுநர் மாளிகையில் அய்யாவின் 192ஆவது அவதார தின விழா நடந்தது. சனாதன தர்மத்தைக் காக்கவே அய்யா தோன்றினார் என்று ஆளுநர் ஆர்.என்.ரவி அங்கே பேசினார். இது வரலாற்றைத் திரிக்கும் பேச்சு என்று சாமிதோப்பு பால பிரஜாபதி அடிகளார் மறுத்தார். அந்த வாரம் முழுக்கத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அய்யாவின் பெயர் அடிபட்டது. அய்யா என்று ஒருவர் இருந்ததே அதுவரை தெரியாத பலர் அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

தெற்கே பதிகளைச் சுற்றி வாழும் மக்களுக்கு இது ஒரு வாதமாக இருக்கலாம். விருத்தாசலம் போன்ற ஊரில் பிழைக்க வந்து, பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் ஓடு வேய்ந்த ஓர் அறையில் கண்ணாடியும் விளக்கும் வைத்து வணங்கும் சில குடும்பங்களுக்கு இது அன்றாடச் சங்கதி. அங்கே அச்சில் மண் ஊற்றுகிறவர் ஒரு மதம், பொம்மைக்குப் பிசிறு சீவுகிறவர் ஒரு மதம், சூளை அடுக்குகிறவர் இன்னொரு மதம். மதியச் சோற்றுக்கு எல்லாரும் ஒரே வேப்பமரத்தின் கீழ்தான் உட்கார வேண்டும். வெண்ணீசன் யார் என்ற கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் அந்த மரத்தடியில் யார் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று யோசிப்பது நல்லது.

முதலில் ஏடு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். பதினையாயிரம் வரிக்கு மேற்பட்ட அம்மானை இது. அய்யா அருள, அரிகோபாலன் சீடர் பனையோலையில் எழுதினார். அச்சில் வந்தது 1939இல்தான். ஓலையில் எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. பேச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்டும் குறியும் இல்லை. கதையோ நாராயணர் அம்மைக்குச் சொல்வது. அதற்குள் கலி பேசுகிறான், ஈசர் பேசுகிறார், அரசன் பேசுகிறான், துன்பப்பட்ட சான்றோர் அழுது முறையிடுகிறார்கள். இத்தனை குரலும் ஒரே ராகத்தில் வருகின்றன. ஆகையால் ஒரு வரியைத் தனியே எடுத்தால் அது அய்யாவின் கட்டளையா, கலியன் அடித்துக்கொள்ளும் பெருமையா, அடிபட்டவன் வயிறெரிந்து சொன்னதா என்று தெரியாமலே போய்விடும். கலி சொன்னதை அய்யா சொன்னதாக மேடையில் முழங்கியவர்கள் உண்டு. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எந்த இடத்தில் சொன்னது என்ற மூன்றையும் கேட்காமல் திருஏட்டு வரியை வாயில் எடுக்கக் கூடாது என்பது பழைய வாசிப்புக்காரர்களின் ஒழுங்கு.

ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். அய்யாவுக்குப் பெற்றோர் முதலில் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதியில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று ஆட்சேபித்ததால் முத்துக்குட்டி ஆக்கினார்கள். 2025இல் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு ஒன்றில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, முடி வெட்டும் கடவுள் என்று பொருள் வரும்படி அச்சாகிவிட்டது. கிரீடம் கத்தரிக்கோல் ஆனது. அன்புக்கொடி மக்கள் கொதித்தார்கள், கொதித்தது நியாயம். அதே மக்கள் நீசன் என்ற சொல்லையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் அல்லவா?

நீசன் எங்கிருந்து வந்தான் என்று ஏடே சொல்கிறது. ஆதியில் குறோணி என்ற அசுரன். அவனை ஆறு துண்டாக வெட்டினார் மாயவர். ஒவ்வொரு யுகத்திலும் ஒரு துண்டு பிறந்தது. ஒரு யுகத்தில் இராவணன், ஒரு யுகத்தில் துரியோதனன். கடைசித் துண்டுதான் கலியன். முந்தினவர்களுக்கு உடம்பும் கோட்டையும் நாடும் இருந்தன. அம்பு எய்தால் தைக்கும். கலியனோ உலகத்து மனிதரின் புத்திக்குள் மாயையாகக் குடிபுகுந்தவன். அவனுக்கு எல்லை கட்டி, இந்தத் தெருவில் இருக்கிறான், இந்தக் கோயிலில் இருக்கிறான் என்று காட்ட முடியாது. குறோணியின் ஆறாம் துண்டு ஒரு சாதிச் சான்றிதழில் வராது.

கலியன் உலகுக்கு வரும்போது நாராயணர் பண்டார வேடத்தில் வழிமறித்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆயுதமும் இல்லை, படையும் இல்லை. கந்தலோடு நிற்கும் ஒரு பண்டாரம் சண்டைக்கு அழைக்கிறது. கலியன் சிரிக்கிறான். உன்னோடு சண்டை போட்டால் எனக்கல்லவா கேவலம் என்கிறான். அப்போது பண்டாரம் அவனிடம் ஒரு சத்தியம் வாங்குகிறது. பண்டாரத்தைத் துன்பப்படுத்தமாட்டேன், துன்பப்படுத்தினால் வாங்கிய வரமும் சேனையும் இழந்து நரகம் போவேன் என்று கலியன் சத்தியம் செய்கிறான். பின்னால் அய்யா பண்டாரமாகத் தவமிருந்தபோது நீசன் அவரைப் பிடித்து வதைத்தான். சத்தியம் முறிந்தது. கலியின் அழிவு அதிலேயே அடங்கிவிட்டது. அன்புக்கொடி மக்கள் யாருக்கும் கத்தி எடுக்கும் வேலையை ஏடு கொடுக்கவில்லை. பண்டாரத்தின் பக்கம் நிற்பதே அவர்களுக்குக் கொடுத்த வேலை. வாயால் எடுக்கும் கத்திக்கும் இது பொருந்தும்.

அதே இடத்தில் இன்னொரு செய்தியும் வருகிறது. நாராயணர் தம் சக்கரத்தைக் கலியனுக்குப் பணமாக மாற்றிக் கொடுக்கிறார். பலர் இதைக் கேட்டுவிட்டுக் கடந்து போய்விடுவார்கள். அந்நாளில் திருவிதாங்கூரில் புழங்கிய நாணயத்துக்கே சக்கரம் என்றுதான் பெயர். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். வரி கட்டச் சக்கரம் இல்லாமல் பனைமரத்தடியில் அடி வாங்கியவர்கள் இந்த வரியைக் கேட்டபோது அது அவர்களுக்குப் புராணமாகப் பட்டிருக்காது.

வெண்ணீசனையும் இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் பாதி முடிச்சு அவிழ்கிறது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு திருவிதாங்கூர் செய்த உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். அரசனுக்கு மேலே ரெசிடெண்டு என்று ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். அந்த எட்டு லட்சம் எங்கிருந்து வரும்? தலைக்கு வரி, ஏறும் பனைக்கு வரி, கூலி இல்லாத ஊழியம், இவற்றில் இருந்துதான். கம்பெனி அரசனைப் பிழிந்தது. அரசன் அதிகாரியைப் பிழிந்தான். அதிகாரி பனையேறியைப் பிழிந்தான். கடைசியில் இருந்தவனுக்குப் பிழிய ஆள் இல்லை. ஏடு கலிநீசனையும் வெண்ணீசனையும் ஒரே 'நீசன்' என்ற சொல்லால் கட்டியதன் நியாயம் இதில் இருக்கிறது. ஒருவன் உள்ளூர்க்காரன், இன்னொருவன் கடல் கடந்து வந்தவன். இருவரும் செய்த வேலை ஒன்று. வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது ஏடு.

இதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், அதே காலத்தில் அதே நாட்டில் வேறு வேலை செய்த வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் 1809இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். சாலையில் நடக்கவே தடை இருந்தவர்களின் பிள்ளைகள் எழுத்துக் கூட்டியது அப்படிப்பட்ட பள்ளிகளில்தான். தோள்சீலைக்காக நம் பெண்கள் பட்ட பாடு முடிவுக்கு வர 1859 சூலையில் மன்னர் பிரகடனம் வெளியிட்டபோது, அவரை நெருக்கியவர்களில் ஒருவர் சென்னை ஆளுநராக இருந்த டிரெவிலியன் என்ற வெள்ளைக்காரர். அதற்கு வெகுமுன்பே ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொல்லியும், பெண்களை மானத்தோடு உடுத்தச் சொல்லியும் அய்யா வழி திறந்துவிட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. மிஷன்காரர்கள் அய்யாவைப் போற்றினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. முத்துக்குட்டியின் கூட்டம் தங்கள் வேலைக்குப் பெரிய தடை என்று தங்கள் அறிக்கைகளில் எழுதியவர்கள் அவர்கள். இரண்டும் நடந்ததுதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவன் வரலாறு சொல்லவில்லை, ஆள் சேர்க்கிறான்.

நீசனின் அவையில் இருந்தவர் எல்லாரும் நீசரா என்றால், ஏடு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. பூவண்டர் என்று ஒருவர். ஆயர் குலத்தவர், அரசனுக்கு அருகே நின்றவர். அய்யாவைப் பிடிக்க அரசன் துடித்தபோது, இறைவன் எந்தக் குலத்திலும் வந்து பிறப்பார், அவசரப்படாதீர் என்று அரசன் முகத்துக்கு நேரே சொன்னவர். அரசன் கேட்கவில்லை. ஆனால் ஏடு அந்த மனிதரை மறக்கவில்லை. நீசன் அரண்மனைச் சோறு தின்ற பூவண்டருக்கு நல்ல பெயர் கொடுத்த ஏடு, தொழிற்பேட்டையில் கூலிக்கு நிற்கும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு நீசன் பட்டம் கட்டும் என்று நம்புவது கடினம்.

விருத்தாசலத்துத் தாங்கலில் இந்தப் பேச்சு சும்மா எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து தர்மம் போடும்போது, சூளை அடுக்கும் ஒரு கிறிஸ்தவரின் பையன் பந்தியில் வந்து உட்காருவான். ஏழெட்டு வயது. காலையில் அவன் அம்மாவோடு சர்ச்சுக்குப் போய்விட்டு, அந்தச் சட்டையோடேயே வருவான். ஏடு வாசிப்பு நாளொன்றில், கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவர் கைப்பேசியில் வந்த பேச்சைக் காட்டி, வாசிக்கிற பெரியவரிடம் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, வெண்ணீசன்னு ஏட்டுலயே இருக்குல்லா. அவங்களுக்கு நாம எதுக்குச் சோறு போடணும்?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கயிறு கட்டிய புத்தகத்தில் பக்கம் தேடினார். அதற்குள், வழக்கமாக வந்து நாமம் இட்டுக்கொண்டு சுவரோரம் உட்காரும் உள்ளூர்ப் பாட்டி ஒருத்தி பேசினாள். அகல்விளக்கு செய்யும் வீட்டைச் சேர்ந்தவள். அய்யா வழி தெற்கத்திக்காரர்களின் குடும்பச் சொத்து என்று நினைப்பவர்களுக்கு அவள் அங்கே வருவதே புரியாது.

"ஏன் தம்பி, வெள்ளைக்காரன் போயி எத்தினி வருசம் ஆச்சி? அவன்தான் நீசன்னா, அவன் போன அன்னைக்கே ஏட்டைக் கட்டி வெச்சிருக்கலாமே. இன்னும் எதுக்குப் படிக்கிறீங்க?"

யாரும் பேசவில்லை. பாட்டி விடவில்லை. "சான்றோர் சான்றோர்னு படிக்கிறீங்களே, அதுல நான் உண்டா இல்லையா? அதையும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

அந்த இரண்டாவது கேள்விதான் உண்மையில் கனமானது. வெண்ணீசன் யார் என்று கேட்பவர் வெளியே யாரைத் தள்ளலாம் என்று கேட்கிறார். சான்றோர் யார் என்று கேட்பவள் உள்ளே தனக்கு இடம் உண்டா என்று கேட்கிறாள். இரண்டும் ஒரே கதவின் இரண்டு பக்கம். நீசன் என்ற சொல்லை ஒரு கூட்டத்தின் பெயராக்கினால் சான்றோர் என்ற சொல்லும் ஒரு கூட்டத்தின் பெயராகிவிடும். அப்புறம் பாட்டிக்கு இடம் இல்லை.

பெரியவர் தேடி எடுத்தது சிறைப் பகுதியை. சுவாதித் திருநாள் மன்னர் ஆண்ட காலம். அய்யாவைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். பட்டினிப் புலியை ஏவிப் பார்த்தார்கள். புலி அடங்கிப் படுத்தது. ஒன்றும் பலிக்கவில்லை என்ற பிறகு அரசன் ஒரு வழி சொல்கிறான். இனிமேல் எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கூட்டாதே, உன் சாதிக்காரரோடு மட்டும் இருந்துகொள், அதற்குச் சம்மதித்தால் விட்டுவிடுகிறேன். அய்யா இணங்கவில்லை. 1839 மாசியில் வெளியே வந்தபோது எந்தச் சாதிக்கும் எழுதிக் கொடுக்காமல் வந்தார். சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் பதினெட்டுச் சாதியும் ஒரே நீரில் குளித்து, ஒரே நீரைக் குடித்து, ஒன்றாக உண்டதுதான் அந்த அரசனை உறுத்தியது. அய்யாவை அந்தக் கிணற்றில் இருந்து பிரித்துவிட்டால் போதும், மற்றபடி அவர் என்ன போதித்தாலும் அரசனுக்குக் கவலை இருந்திருக்காது.

"உன் சாதியோட மட்டும் இருன்னு சொன்னது யாரு?" என்று பெரியவர் அந்தப் பிள்ளையிடம் கேட்டார். பிள்ளை வாய்க்குள்ளேயே, "நீசன்" என்றார்.

இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். திருஏட்டில் கடுஞ்சொல் இருக்கிறது. மதத்தின் பேரால் மனிதரை இழுத்துச் சண்டை மூட்டுகிறவர்களை அது விடுவதில்லை. ஏடு எல்லா மதத்தையும் கொஞ்சுகிறது என்று சொல்வது பொய். ஆனால் அந்த அடி முதலில் விழுவது எங்கே என்று பார்க்க வேண்டும். ஆடு கோழி பலியிடுவது, காணிக்கை வாங்குவது, சாமியின் பேரால் பயங்காட்டிப் பிழைப்பது, சாதி பார்த்துத் தள்ளி நிறுத்துவது, இவற்றின் மேல்தான் முதல் அடி. காணிக்கை வேண்டாம் என்றார் அய்யா. உண்டியல் வைத்திருக்கும் தாங்கல்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான இடம்தான், அதனாலேயே இதை மேடையில் யாரும் அதிகம் சொல்வதில்லை. வெண்ணீசனைப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். உண்டியலைப் பற்றிப் பேசினால் அடுத்த வருடம் அழைப்பு வராது.

அய்யா வழி இந்து மதத்தில் ஒரு கிளையா, தனி வழியா என்ற வாதத்திலும் இதே தவறு நடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கில் இந்து என்றே எழுதுகிறார்கள். தனியாக எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. இருவருக்கும் ஏட்டில் வரி கிடைக்கும். நாராயணர், ஈசர், அம்மை, யுகங்கள், இராமர், கிருஷ்ணர் என்று எடுத்தால் ஒரு பக்கம். சிலை இல்லாமல் கண்ணாடிக்கு முன் நிற்பது, பூசாரி இல்லாத பணிவிடை, தலைப்பாகையோடு கும்பிடுவது என்று எடுத்தால் மறுபக்கம். அந்த வழக்கை இந்தச் சிறு புத்தகம் தீர்க்கப் போவதில்லை. அரசுப் படிவத்தில் எதை எழுதினாலும், அடுத்தவனைத் தள்ளுவதற்காக அய்யாவை இழுத்துப் போகும் கட்சி எதுவோ, அது அரசன் நீட்டிய அந்த ஓலையில் அய்யாவிடம் மறுபடியும் கையெழுத்துக் கேட்கிறது. சனாதனத்தின் காவலர் என்று மட்டும் கையெழுத்துப் போடு என்று ஒருவர் கேட்கிறார். ஒரு சாதியின் தலைவர் என்று மட்டும் போடு என்று இன்னொருவர் கேட்கிறார். சிங்காரத்தோப்பில் கிடைக்காத கையெழுத்து இப்போது மட்டும் கிடைக்குமா?

'வெண்' என்ற முன்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. விருத்தாசலத்துக்காரர்களுக்கு வெள்ளை மண்ணைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கப் பக்கத்தில் இருந்து வரும் களிமண்ணைக் கரைத்து, சல்லடையில் வடித்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். கூழ் ஒன்றுதான். எந்த அச்சில் விழுகிறதோ அந்த வடிவம், பொம்மை அச்சில் விழுந்தால் பொம்மை. அன்புக்கொடி மக்கள் நெற்றியில் ஏறும் திருநாமமும் வெள்ளை மண்தான். வெண்மை குற்றம் என்றால் அதை நெற்றியில் இட்டுக்கொள்ள முடியுமா? ஏடு 'வெண்' என்று சொன்னது அன்றைய ஆட்சிக்கு ஓர் அடையாளம். பழி முழுவதும் 'நீசன்' என்ற பின்சொல்லின் மேல்தான் இருக்கிறது. அந்தப் பின்சொல் எந்த நிறத்தோடும் சேரும். கறுப்போடும் சேரும், காவியோடும் சேரும். எளியவனைப் பிழிகிறவன் எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் அது போய் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டியின் கேள்விக்கு வருவோம். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யா கொடுத்த இலக்கணம். சான்றோருக்கு ஏடு ஒரு பிறப்புக் கதை சொல்வது உண்மை. ஏழு கன்னியருக்குப் பிறந்த ஏழு பிள்ளைகள் என்கிறது அது. அந்தக் கதையைத் தங்கள் குலக் கதையாகவே கேட்டு வளர்ந்தவர்களிடம், அப்படிக் கேட்காதே என்று சொல்வது எளிதல்ல. அடித்து ஒடுக்கி வைத்திருந்த காலத்தில், நீ சான்றோன் என்று அவர்கள் காதில் விழுந்த முதல் சொல் அது. ஆனால் அதே ஏடு பதினெட்டுச் சாதியையும் ஒரே கிணற்றுக்கு அழைத்து வருகிறது. பிறப்பால் வந்த சான்றோன் கிணற்றடியில் அடுத்தவனுக்கு வழிவிடாமல் நின்றால் அவனை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை ஏடு கேட்பவரே சொல்லிக்கொள்ளட்டும். பாட்டிக்குப் பெரியவர் நேராகவே பதில் சொன்னார். "நீ உண்டு தாயி. நீ இல்லன்னா நாங்களும் இல்ல."

அன்று பந்தி கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது. வாளியைத் தூக்கியவர் கேள்வி கேட்ட அந்தக் கடைக்காரப் பிள்ளைதான், ஏனென்றால் அந்த வாரம் பரிமாறும் முறை அவருடையது. சூளைக்காரர் மகன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்த வாதம் எதுவும் தெரியாது. சாம்பார் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டான், ஊற்றினார். மனம் மாறி ஊற்றினாரா, முறைக்காக ஊற்றினாரா என்பது அவருக்கும் அய்யாவுக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்த வாசிப்பில் பூவண்டர் பேசும் இடத்தில் இருந்து சிறைப் பகுதி முழுவதையும் நிறுத்தி வாசிக்க வேண்டும் என்று பாட்டி கேட்டிருக்கிறாள். வாசிப்பவர் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் இது இன்னார் சொல்வது என்று சொல்லிவிட்டு வாசிப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். ராகம் கொஞ்சம் அறுபடும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அய்யா உண்டு.